தில்லிக்கும் பெங்களூருவுக்கும் நடுவே தங்கவயல்

தொகுதி மறுவரையறை பற்றி விவாதிக்கத் தமிழக அரசு 2025 மார்ச் 22 அன்று சென்னையில் கூட்டிய கூட்டத்தில், கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்களுடன் கர்நாடகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமாரும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தார். காவிரி, மேக்கேதாட்டு என்று எதிரெதிரே நின்றே பழகிய இரு மாநிலங்கள் தில்லியை நோக்கி ஒரே குரலில் பேசியது அபூர்வமான காட்சி. மக்கள்தொகை எண்ணிக்கையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் தென்மாநிலங்களின் குரல் நாடாளுமன்றத்தில் அமுங்கிவிடும் என்பதே அங்கு வைக்கப்பட்ட வாதம். அதன் நியாயத்தை மறுப்பதற்கில்லை.

ஆனால் அதே வாதத்தை, அதே சொற்களில், கர்நாடகத்திலுள்ள ஒரு நகரம் பெங்களூருவைப் பார்த்துச் சொல்ல முடியும். அந்த நகரம் கோலார் தங்கவயல். அதே கேள்வியைத் தமிழகத்தின் எல்லையோரக் கிராமங்கள் சென்னையைப் பார்த்துக் கேட்க முடியும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அதிகாரப் பகிர்வு என்ற பேச்சு இந்தியாவில் மாநிலத் தலைநகரோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் வாழும் சிறுபான்மையினருக்கு உரிய பங்கு என்ன என்பதை மாநில சுயாட்சி பேசும் எந்தக் கட்சியும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

தங்கவயலின் கதையைத் தமிழ் வாசகர்கள் ஓரளவு அறிவார்கள். 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கு காலூன்றியது. சுரங்கத்தில் இறங்கப் பழைய வடஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்றவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்கள். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-லேயே சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை சென்று, ஒன்றேகால் நூற்றாண்டில் சுமார் 800 டன் தங்கத்தை அந்த மக்கள் மேலே கொண்டுவந்தார்கள். மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று தெருத்தெருவாகத் தமிழ் வேரூன்றியது. அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு அங்கு வலுவான கிளைகள் இருந்தன. 1920-களில் 'தமிழன்' இதழுக்கு மறுவாழ்வு கொடுத்ததும் தங்கவயல்தான். வந்தேறிகளின் தற்காலிக முகாம் என்று அந்த ஊரை இன்றும் சிலர் பேசுவதால் இவற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. நான்கு, ஐந்து தலைமுறைகளாக ஒரே மண்ணில் பிறந்து, அங்கேயே புதைக்கப்படுகிறவர்கள் தற்காலிகக் குடிகள் ஆக மாட்டார்கள்.

மொழிவழி மாநிலங்கள் பிறந்த 1956-தான் தங்கவயலின் விதியையும் எழுதியது. ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோர் அடங்கிய மாநில மறுசீரமைப்பு ஆணையம் கோலார் மாவட்டத்தைப் பற்றித் தனியே ஆராய்ந்தது. அந்த மாவட்டத்தில் தெலுங்கு பேசுவோரே அதிகம் என்பதை அறிந்தே, அது கர்நாடகத்துடன் இருப்பதே பொருத்தம் என்று பரிந்துரைத்தது. சுரங்க நகரத்தில் செறிந்திருந்த தமிழர்கள் எந்த எல்லைக் கணக்கிலும் வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கே கோடு போட்டாலும் கோட்டின் இருபுறமும் பிற மொழியினர் மிஞ்சியே தீர்வர் என்பதை ஆணையமும் உணர்ந்திருந்தது. அதனால்தான் மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகளும் கூடவே வகுக்கப்பட்டன.

அந்தப் பாதுகாப்புகள் ஏட்டளவில் மிகத் தெளிவானவை. ஒரு மாவட்டத்தில் 60 சதவீதத்துக்கு மேல் மாநில மொழியல்லாத வேறொரு மொழி பேசப்பட்டால், அந்த மாவட்டத்தில் அதையும் ஆட்சிமொழியாக ஏற்கலாம். நகராட்சி, வட்ட அளவில் 15 முதல் 20 சதவீதம் பேர் ஒரு மொழி பேசினாலே முக்கிய அறிவிப்புகளும் விதிகளும் அந்த மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்து தருவதை அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு மாநிலங்களின் கடமையாக்கியது. அது நடக்கிறதா என்று கண்காணித்துக் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தர 350-பி பிரிவின்படி மொழிச் சிறுபான்மையினர் ஆணையர் என்ற பதவி உருவாக்கப்பட்டது. அறிக்கை இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டும் என்பதும் சாசனத்திலேயே உள்ளது.

வைக்கப்படுகிறது. எப்படி என்பதைச் செய்தியாளர் மாடத்தில் உட்காருகிறவர்கள் அறிவார்கள். மக்களவையில் கேள்வி நேரம் முடிந்து பகல் 12 மணிக்கு அமைச்சர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து ஆவணங்களை மேசையில் வைப்பார்கள். அவையின் மையப்பகுதியில் கோஷம் நடந்துகொண்டிருக்கும். எந்த ஏடு வைக்கப்பட்டது என்பது மாடத்துக்குக் கேட்காது. ஆணையரின் அறிக்கைகள் ஆண்டுக்கணக்கில் தாமதமாக வருவது வழக்கம். ஆணையர் பதவியே நெடுநாள் நிரப்பப்படாமல் கிடந்ததும் உண்டு. மாநில அரசுகளிடம் அவர் விவரம் கேட்கலாம். பதில் தரவில்லையென்றால் 'பதில் வரவில்லை' என்று எழுதலாம். அதற்கு மேல் அவரிடம் எந்த அதிகாரமும் இல்லை. நாட்டின் ஒற்றுமைக்கு உத்தரவாதமாக 1956-ல் சொல்லப்பட்ட ஓர் ஏற்பாட்டின் கதி இதுதான்.

அரசியல் சாசனம் தராததை ஒரு காலத்தில் வாக்குச்சீட்டு தந்தது. குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகம், பின்னர் அதே கட்சியின் எஸ். ராஜேந்திரன், அ.தி.மு.க.வின் எம். பக்தவத்சலம் என்று தங்கவயல் தனக்கென ஒருவரைப் பெங்களூரு விதான சௌதாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 1999-ல் பக்தவத்சலமும் 2004-ல் ராஜேந்திரனும் வென்றனர். தமிழகக் கட்சியொன்று கர்நாடகச் சட்டப்பேரவையில் இடம்பெற்றதைக் கன்னட அமைப்புகள் சந்தேகத்துடன் பார்த்தன. உண்மையில் அது கர்நாடக ஜனநாயகத்தின் பெருமை. தங்கள் மொழியில் பேசும் ஒருவர் அவையில் இருந்தவரை, அந்த மக்கள் தங்கள் குறைகளை அங்கேயே சொன்னார்கள். சென்னையை நோக்கித் திரும்பவில்லை.

2008-ல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுவரையறையில் பக்கத்துப் பேத்தமங்கலம் தொகுதி நீக்கப்பட்டு, அதன் கிராமப் பகுதிகள் தங்கவயல் தொகுதிக்குள் வந்தன. நகரத் தமிழர்களின் வாக்கு, பெரிதான தொகுதிக்குள் கரைந்தது. அந்த ஆண்டும் 2013-லும் பாரதிய ஜனதா வென்றது. 2018-லும் 2023-லும் காங்கிரசின் ரூபகலா வென்றார். கோலார் மக்களவைத் தொகுதியில் ஏழு முறை தொடர்ந்து வென்று மத்திய அமைச்சராகவும் இருந்த கே.எச். முனியப்பாவின் மகள் அவர். மறுவரையறை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வது மிகையாகும். சுரங்கம் மூடப்பட்டதும் தொழிற்சங்கங்கள் சரிந்தன. இளைஞர்கள் வெளியேறினர். தமிழகக் கட்சிகளும் அங்கு தேர்தலுக்குத் தேர்தல் தலைகாட்டுவதோடு நின்றன. இருப்பினும், எண்ணிக்கையால் குரல் அமுங்குவது எப்படியிருக்கும் என்று சென்னைக் கூட்டத்தில் கவலைப்பட்டவர்கள் அறிய விரும்பினால், உதாரணம் பெங்களூருவிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறது.

சுரங்கத்தின் உடைமை மாறிய வரலாறு இதைவிடச் சிக்கலானது. 1956-ல் மைசூர் அரசு வெள்ளையர் நிறுவனத்திடமிருந்து சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-ல் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. தோண்டிய தங்கம் உள்நாட்டுச் சந்தை விலைக்கு விற்கப்படாமல் சர்வதேச விலையில் அரசுக் கருவூலத்துக்கே சென்றது. பிறகு 'நட்டத்தில் இயங்கும் நிறுவனம்' என்ற முத்திரை விழுந்தது. 2001 பிப்ரவரி 28-உடன் சுரங்கம் மூடப்பட்டது. மூடுவது பற்றி முடிவெடுத்தது தில்லி. வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பது என்று முடிவெடுத்தது பெங்களூரு. குப்பை அள்ளுவதும் குடிநீர் தருவதும் ராபர்ட்சன்பேட்டை நகராட்சியின் பொறுப்பு. ஆனால் லைன் வீடுகள் நிற்கும் நிலமோ சுரங்க நிறுவனத்தின் பெயரில் இருந்தது. மூன்று அடுக்கு அரசுகளுக்கும் வாக்களித்த மக்களுக்கு, மூன்றில் எந்த அடுக்கிலும் தங்கள் ஊரைப் பற்றி முடிவெடுக்கும் வாய்ப்பு இல்லை.

2006-ல் மத்திய அமைச்சரவை உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோர முடிவெடுத்தது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் பரிசீலனையில் உள்ளது என்ற பதில் வந்தது. தலைமுறை ஒன்று மாரிக்குப்பத்தில் அதிகாலை ரயிலேறிப் பெங்களூருவில் வேலை பார்த்து இரவில் வீடு திரும்பப் பழகிக்கொண்டது. ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மண்மேடுகளின் தூசு காற்றுக்காலத்தில் வீடுகளுக்குள் வந்து படிகிறது.

அந்த மண்மேடுகளுக்குத்தான் இப்போது விலை வந்திருக்கிறது. தங்கத்தின் விலை ஏற ஏற, கழிவு மண்ணில் மிஞ்சியுள்ள துளிகளைப் பிரித்தெடுப்பதும் லாபகரமாகிவிட்டது. 1,003 ஏக்கரில் உள்ள 13 மண்மேடுகளிலிருந்து தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தெரிவித்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிம உரிமைகள் மீது வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. கூட்டாட்சியில் நம்பிக்கை உள்ளவர்கள் வரவேற்ற தீர்ப்பு அது, நாமும் வரவேற்கிறோம். மண்மேட்டின் பங்கு குறித்து இனி தில்லியும் பெங்களூருவும் சட்டம் பேசிக்கொள்ளும். மண்மேட்டின் அடிவாரத்தில் குடியிருப்பவரை எந்தத் தரப்பும் பேச்சுவார்த்தைக்கு அழைத்ததாகத் தெரியவில்லை.

சுரங்கப் பகுதி மக்களுக்கெனச் சட்டமே இல்லாமலில்லை. 2015-ல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், குத்தகைதாரர்கள் செலுத்தும் உரிமைத் தொகையின் ஒரு பகுதியைப் பாதிக்கப்பட்ட மக்களுக்காக மாவட்டக் கனிம நிதியத்தில் சேர்க்கச் சொல்கிறது. தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பு. மூடிய சுரங்கம் நிதியத்துக்கு எதையும் தராது. நூற்றிருபது ஆண்டு தூசு குடித்த ஊர் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குப் படவில்லை. கழிவு மண்ணைக் கிளறும் பணி தொடங்குமானால், அந்த வருவாயில் ஒரு பங்கு நிதியத்துக்குப் போக வேண்டும் என்றும், அதைச் செலவிடும் குழுவில் தங்கவயல் நகராட்சிக்கு இடம் வேண்டும் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும். பின்னர் கேட்டால் கிடைக்காது என்பதற்கு 2001-ஐவிட வேறு சாட்சி தேவையில்லை.

மொழி விஷயத்தில் கன்னடர்களின் அச்சத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தங்கள் தலைநகரிலேயே தாங்கள் சிறுபான்மையாகிவிட்டோம் என்ற உணர்வு அவர்களுக்கு உண்மையானது. 1982-ல் கோகாக் அறிக்கைக்காக நடிகர் ராஜ்குமார் தெருவில் இறங்கியபோது கர்நாடகமே பின்னால் நின்றது. 2015-ல் கன்னடக் கற்றல் சட்டம் வந்தது. தங்கவயல் இளைஞர்களுக்குக் கன்னடம் கற்பதில் மறுப்பில்லை. பெங்களூருவில் பிழைக்கிறவர்கள் கற்காமல் முடியாது. 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் மண்ணின் மைந்தர்களுக்கு ஒதுக்கீடு தரும் மசோதாவைக் கர்நாடக அமைச்சரவை ஏற்றபோது, கர்நாடகத்தில் பிறந்து பதினைந்து ஆண்டு வசித்திருந்தாலும் கன்னடத் தேர்ச்சி இருந்தால்தான் உள்ளூர்வாசி என்று வரையறுத்தது. எதிர்ப்பால் அது இரண்டே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது. ஐந்தாம் தலைமுறைத் தங்கவயல்காரர் தாம் உள்ளூர்க்காரர் என்பதைத் தேர்வெழுதி நிரூபிக்க வேண்டும் என்பது அந்த வரையறையின் பொருள். கன்னடம் கற்பது வேறு, தமிழை இழப்பது வேறு. தமிழ்வழிப் பள்ளிகள் ஆசிரியர் இல்லாமல் ஒவ்வொன்றாகச் சுருங்குவதால் கன்னடத்துக்கு லாபமில்லை. அந்தப் பிள்ளைகள் போய்ச் சேருவது ஆங்கிலப் பள்ளிகளில். பயிற்றுமொழியைத் தேர்வு செய்வது பெற்றோரின் உரிமை என்று 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில் கர்நாடக அரசு தோற்றதும் ஆங்கிலத்திடம்தான்.

ஒரு மாநிலத்துக்குள்ளேயே வேறுபட்ட ஏற்பாடு செய்தால் ஒற்றுமை குலையும் என்று பெங்களூரு சொல்லவும் முடியாது. பீதர், கலபுரகி, ராய்ச்சூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்குத் தனி வளர்ச்சி வாரியமும் வேலை, கல்வியில் ஒதுக்கீடும் கேட்டு வாங்கியது கர்நாடகமே. 2012-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 371-ஜே பிரிவு அதற்காகவே வந்தது. இரு அவைகளிலும் எதிர்ப்பின்றி நிறைவேறிய திருத்தம் அது. கர்நாடகம் அதனால் பிளவுபடவில்லை.

இனி நம் பக்கம். தமிழகத்தில் 2011 கணக்கெடுப்பின்படி தெலுங்கு பேசுவோர் 42 லட்சம், கன்னடம் பேசுவோர் பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தாளவாடி பகுதிகளில் அவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். 2006-ல் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாக வளர்ந்து 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, மொழிச் சிறுபான்மை மாணவர்கள் ஆண்டுதோறும் நீதிமன்றத்தை நாடித் தேர்வில் விலக்குக் கேட்க வேண்டிய நிலை வந்தது. உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் மேலும் ஓராண்டு விலக்கு நீட்டித்தது. தங்கவயலில் தமிழாசிரியர் பணியிடம் காலி என்று நாம் எழுதும் அதே வாக்கியத்தை, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி, பெங்களூருப் பத்திரிகைகள் ஓசூரைப் பற்றி எழுத முடியும். இதைச் சொல்வதால் சில வாசகர்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் ஓசூரில் கொடுக்காமல் தங்கவயலுக்காகத் தில்லியில் கேட்டால், எதிரே உட்கார்ந்திருக்கும் கர்நாடக எம்.பி. எழுப்பும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும். நமது எம்.பி.க்கள் தங்கவயல் பற்றி அதிகம் வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

இரு மாநிலங்களும் கொடுத்து வாங்கவே தெரியாதவை என்பதற்கில்லை. பதினெட்டு ஆண்டுகள் துணியால் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9-ல் பெங்களூரு அல்சூரில் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. கருணாநிதியும் எடியூரப்பாவும் இரு விழாவிலும் ஒன்றாக நின்றார்கள். சிலைக்குச் சிலை என்று பேசி முடிக்க முடிந்தவர்களால் பள்ளிக்குப் பள்ளி என்று பேச முடியாமல் போனது.

அதிகாரப் பகிர்வு பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் வாசகர்களுக்கு இலங்கையைவிட அருகில் உதாரணம் இல்லை. 1987 ஒப்பந்தத்தின் பேரில் வந்த 13-வது திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது. காவல், நில அதிகாரங்கள் கைமாறவே இல்லை. 2014 ஊவா தேர்தலுக்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாக எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடக்கவில்லை. இவையெல்லாம் நாம் அடிக்கடி எழுதுபவை. எழுதாதது மலையகத் தமிழரைப் பற்றி. 13-வது திருத்தம் நாளையே முழுமையாக நடைமுறைக்கு வந்தாலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் தேயிலை பறிப்பவருக்கு அதனால் பெரிதாக எதுவும் வராது. அவர்கள் வாழும் மத்திய, ஊவா மாகாணங்களில் அவர்கள் சிறுபான்மையினர். 1948-ல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964-ல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில் தலைகளாக எண்ணப்பட்டு, 1988, 2003 சட்டங்களால் மெல்ல மெல்லக் குடிமக்கள் ஆனவர்கள் அவர்கள். குடியிருக்கும் வீடு இன்னும் தோட்ட நிர்வாகத்தின் லயன். நிலத்தின் அடிப்படையில் மட்டும் அதிகாரத்தைப் பிரித்தால், நிலமில்லாமல் உழைப்பால் மட்டும் ஓரிடத்தில் வேர்விட்டவர்கள் பங்கில்லாமல் போகிறார்கள். மலையக லயனுக்கும் தங்கவயல் லைனுக்கும் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை என்று எண்ண வேண்டாம்.

பெல்ஜியம் இதற்கு ஒரு வழி கண்டது. டச்சு, பிரெஞ்சு எல்லைகளை இறுக்கமாக வரைந்த பிறகும், எல்லையோரம் 27 ஊராட்சிகளில் பிற மொழியினர் தங்கள் மொழியில் நிர்வாகத்தை அணுகத் தனி வசதி செய்தது. அதிலும் சச்சரவு உண்டு. ஆனால் சச்சரவு, ஊராட்சி மன்றத்திலும் நீதிமன்றத்திலும் நடக்கிறது.

இந்தியாவில் அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு, மண்டலக் கவுன்சில்கள் விவாதிக்க வேண்டியவற்றுள் எல்லைத் தகராறுகளோடு மொழிச் சிறுபான்மையினர் பிரச்சினையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மத்திய உள்துறை அமைச்சர் தலைவர். தென்மாநில முதல்வர்கள் உறுப்பினர்கள். 2021 நவம்பரில் திருப்பதியிலும் 2022 செப்டம்பரில் திருவனந்தபுரத்திலும் தென்மண்டலக் கவுன்சில் கூடியது. நதிநீரும் நிதிப் பங்கீடும் பேசப்படும் அந்த மேசையில், ஓசூருக்கும் தங்கவயலுக்கும் ஒரே தீர்மானமாக, ஒரே பட்டியலாகப் பேச இடமிருக்கிறது. எத்தனை தமிழ்ப் பள்ளிகள், எத்தனை கன்னட, தெலுங்குப் பள்ளிகள், எத்தனை ஆசிரியர் காலியிடங்கள், எந்த நகராட்சிகளில் இருமொழி அறிவிப்பு என்ற பட்டியல் அது. கோரிக்கையைத் தமிழகம் வைத்தால் கர்நாடகம் மறுக்கச் சங்கடப்படும். கர்நாடகம் வைத்தால் தமிழகமும் அப்படியே. சென்னைக் கூட்டத்தில் ஒரே வரிசையில் அமர்ந்தவர்களில் யார் முதலில் அந்தக் கடிதத்தை எழுதப் போகிறார்கள்?